ஐம்பது வரை சொல்கிறான், நாலு ஸ்பூன் எடுத்து வரத் தெரியவில்லை

கேள்வி: என் மகனுக்கு மூன்றரை வயது. கோவையில் இருக்கிறோம். நான் வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறேன். மாமியார் உடன் இருக்கிறார். பையன் சும்மா சுற்றுகிறானே என்று ஆன்லைனில் 4,200 ரூபாய்க்கு மாண்டிசோரி மரச்சாமான் செட் ஒன்று வாங்கினேன். இரண்டு நாள் தொட்டான், அதோடு சரி. இப்போது அது வந்த அட்டைப்பெட்டியும் அடுப்படிக் கரண்டியும்தான் அவனுக்கு விளையாட்டு. 1 முதல் 50 வரை கடகடவென்று ஒப்பிக்கிறான். ஆனால் ‘நாலு ஸ்பூன் எடுத்துட்டு வா’ என்றால் கைக்கு அகப்பட்டதை அள்ளிக்கொண்டு வருகிறான். பென்சிலைக் கொடுத்தால் இரண்டு கிறுக்கு, அப்புறம் ஓட்டம். எதிர் வீட்டுக் குழந்தை இதே வயதில் அ, ஆ எழுதுகிறாள். என்னென்ன செய்யவைக்கலாம், ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம், அட்டவணை ஏதாவது தர முடியுமா? இன்னொன்று, எல்லாவற்றுக்கும் இடது கையைத்தான் நீட்டுகிறான். மாற்ற வேண்டுமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அட்டவணை தரப்போவதில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள். இருபது வருடமாக மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளோடு பொழுதைப் போக்கிக்கொண்டிருக்கிறேன். அட்டவணை ஒட்டிய வீடுகளில் அது இரண்டு வாரத்துக்கு மேல் குளிர்பதனப் பெட்டிக் கதவில் இருந்து நான் பார்த்ததில்லை. அதைவிட, உங்கள் கடிதத்திலேயே பாதி பதில் இருக்கிறது. 4,200 ரூபாய்ச் சாமானை விட்டுவிட்டுக் கரண்டியைத் தூக்கினான் என்று எழுதியிருக்கிறீர்களே, அவன் தேர்வு சரிதான். அந்தக் கரண்டியை நீங்கள் தினமும் கையில் வைத்திருக்கிறீர்கள். மர உருளைகளை வீட்டில் யாரும் எடுத்து எதுவும் செய்வதில்லை. பெரியவர்கள் கை படுகிற பொருள் மேல்தான் இந்த வயதுக்கு ஆசை.

முதலில் அந்த நாலு ஸ்பூன்.

ஐம்பது வரை சொல்வது ஒரு பாட்டு மாதிரி. வரிசை மனப்பாடம். எண்ணுவது வேறு வேலை. ஒரு பொருளுக்கு ஒரு எண் என்று தொட்டுத் தொட்டுச் சொல்ல வேண்டும், ஒன்றை இரண்டு தரம் தொடக் கூடாது, ஒன்றையும் விடக் கூடாது. கடைசியாகச் சொன்ன எண்தான் ‘மொத்தம் எத்தனை’ என்பதற்கான விடை என்றும் புரிய வேண்டும். இந்தக் கடைசிப் படியில்தான் மூன்றரை வயதுப் பிள்ளைகள் பலரும் நிற்கிறார்கள். ‘ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு’ என்று சரியாகத் தொட்டு முடித்தவனிடம் ‘சரி, எத்தனை இருக்கு?’ என்று கேட்டுப் பாருங்கள். பதில் சொல்லாமல் திரும்ப ஒன்றிலிருந்து ஆரம்பிப்பான். அது தப்பு இல்லை. இன்னும் அந்தப் படி ஏறவில்லை, அவ்வளவுதான்.

ஏற்றிவிடுவதற்கு ஒர்க்‌ஷீட் வேண்டாம், தட்டு போடச் சொல்லுங்கள். ராத்திரிச் சாப்பாட்டுக்கு எத்தனை பேரோ அத்தனை தட்டு. ‘நாலு தட்டு எடு’ என்று சொல்லாதீர்கள். ‘பாட்டிக்கு ஒண்ணு, அப்பாவுக்கு ஒண்ணு, அம்மாவுக்கு ஒண்ணு, உனக்கு ஒண்ணு’ என்று ஆளுக்கு ஒன்றாக ஆரம்பியுங்கள். தட்டு வைத்த இடத்தில் டம்ளர், டம்ளர் பக்கத்தில் ஸ்பூன். ஒரு தட்டு குறைந்தால் நீங்கள் திருத்த வேண்டியதே இல்லை. பாட்டி உட்கார்ந்து வெறும் தரையைப் பார்ப்பார், அவனே ஓடிப்போய் எடுத்து வருவான். இரண்டு, மூன்று வாரம் போனபின் ‘இன்னிக்கு எத்தனை தட்டு வேணும்?’ என்று ஒரு நாள் சும்மா கேட்டுப் பாருங்கள்.

இதற்கு மேலே எண்ணில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஐந்து புளியங்கொட்டையை ஒரு வரிசையாக வையுங்கள், அதற்கு நேராக இன்னொரு ஐந்து. இரண்டும் ஒன்றா என்று கேட்டால் ஒன்றுதான் என்பான். அவன் கண்ணெதிரிலேயே இரண்டாவது வரிசையைக் கொஞ்சம் அகலமாகப் பரப்பிவிட்டுக் கேளுங்கள். ‘இதுதான் நிறைய’ என்று அகலமானதைக் காட்டுவான். சுவிட்சர்லாந்து உளவியலாளர் ஜான் பியாஜே இதை வைத்துத்தான் குழந்தைகளின் எண்ணறிவைப் பற்றி நிறைய எழுதினார். பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஆறு, ஏழு வயதில்தான் இது தெளிகிறது. ஆகவே அவனுக்கு இதை விளக்கிப் புரியவைக்க முயல வேண்டாம். பார்த்து ரசித்துவிட்டுக் கொட்டைகளை எடுத்து வையுங்கள்.

அடுத்து கை. எதிர் வீட்டுக் குழந்தையைப் பற்றி எழுதியதால் இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். நம் மணிக்கட்டில் எட்டுச் சிறு எலும்புகள். பிறக்கும்போது அவை எலும்பாகவே இருப்பதில்லை, குருத்தெலும்புதான். ஒவ்வொன்றாக இறுகிக்கொண்டே வந்து, எட்டாவது எலும்பு முடிவதற்குப் பத்து வயதை ஒட்டி ஆகிவிடும். மூன்றரை வயதில் பாதிகூட ஆகியிருக்காது. விரல்களின் சின்னத் தசைகளும் அப்படித்தான். அந்தக் கையில் பென்சிலைத் திணித்து நாலு வரி நோட்டில் ‘அ’ போடு என்றால், ஓடாமல் என்ன செய்வான்? பொதுவாக மூன்று வயதில் வட்டம் மாதிரி ஒன்று வரும். நாலில் கூட்டல் குறி. சதுரத்துக்கு இன்னும் ஆறு மாதமாவது ஆகும். முக்கோணம் ஐந்தில். முன்னே பின்னே இருக்கலாம், இரண்டும் இயல்புதான்.

அதனால் இப்போது எழுத வேண்டாம், கைக்கு வேலை கொடுப்போம். வேலை உங்கள் அடுப்படியில் கொட்டிக் கிடக்கிறது. பச்சைப் பட்டாணி உரிக்கட்டும். மொச்சைக் காலத்தில் மொச்சை. முருங்கைக்கீரைக் கொத்தை முந்தின நாள் ராத்திரி துணியில் சுற்றி வைத்துவிட்டால் காலையில் உருவுவதற்கு லேசாக வரும். காம்பைப் பிடித்து இரண்டு விரலால் கீழே இழுத்தால் இலை பொலபொலவென்று உதிரும், அந்தச் சந்தோஷத்தை அவன் விட மாட்டான். சப்பாத்தி மாவில் ஓர் எலுமிச்சை அளவு உருண்டை கொடுங்கள். பிசையட்டும், பாம்பு மாதிரி உருட்டட்டும், கிள்ளட்டும். துணி காயப்போடும்போது கிளிப்பை அவன் அழுத்தித் திறந்து மாட்டட்டும். கர்சீப்பும் சிறு துண்டும் மடிக்கட்டும்.

கோலத்தைத் தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் உங்கள் மாமியார்தான் டீச்சர். கோலப்பொடியைக் கிள்ளி எடுக்கிற பிடியைக் கவனியுங்கள். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், கீழே தாங்குவதற்கு நடுவிரல். பென்சில் பிடிப்பதும் இதே மூன்று விரல்தான். வாசலில் பாட்டி கோலம் போடும்போது பக்கத்தில் ஒரு சாண் இடம் அவனுக்கு. கல்மாவு கண்ணில் பட்டால் உறுத்தும், அவனுக்கு அரிசி மாவு போதும். முதலில் புள்ளி மட்டும். பாட்டி வைத்த புள்ளிக்குப் பக்கத்தில் இன்னொரு புள்ளி. கம்பியும் இழையும் அப்புறம் வரும். வராவிட்டாலும் எறும்புக்கு ஆயிற்று.

தண்ணீர் ஊற்றுவதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை, எங்கள் வகுப்பில் அதிக நேரம் பிள்ளைகளைக் கட்டிப்போடுவது அதுதான். ஒரு தாம்பாளம், அதில் இரண்டு டம்ளர், ஒன்றில் முக்கால் தண்ணீர், பக்கத்தில் ஒரு சின்னத் துணி. நீங்கள் அவனுக்கு இடப்பக்கமோ வலப்பக்கமோ உட்காருங்கள், எதிரே வேண்டாம், எதிரே உட்கார்ந்தால் அவனுக்கு எல்லாம் தலைகீழாகத் தெரியும். ஒரு வார்த்தை பேசாமல் மெதுவாக ஊற்றிக் காட்டுங்கள். நாம் வழக்கமாக ஊற்றுகிற வேகத்தில் பாதிக்கும் பாதி. டம்ளரின் விளிம்பு மற்ற டம்ளரின் மேல் வருகிற இடத்தில் ஒரு கணம் நிறுத்துங்கள். கடைசிச் சொட்டு விழும்வரை காத்திருங்கள். தாம்பாளத்தில் சிந்தியதைத் துணியால் ஒற்றுங்கள். பிறகு அவன் பக்கம் நகர்த்துங்கள். முதல் தரம் பாதி தாம்பாளத்துக்குப் போகும். ‘ஐயோ, பாத்து!’ என்ற சொல் உங்கள் வாயில் வந்துவிடும். விழுங்கிவிடுங்கள். துடைக்கத் துணி இருக்கிறது. பல பிள்ளைகளுக்கு ஊற்றுவதைவிடத் துடைப்பதுதான் பிடிக்கும், அதுவும் வேலைதான். பத்து, பதினைந்து தரம் திரும்பத் திரும்பச் செய்வான். உங்களுக்கு அலுக்கும், அவனுக்கு அலுக்காது. அலுத்தவர் நீங்கள்தான் என்பதால் ‘போதும், வேற பண்ணலாம்’ என்று சொல்லிவிடாதீர்கள்.

தண்ணீருக்குப் பதில் அரிசி, அப்புறம் ஆழாக்கு. பழைய படியும் ஆழாக்கும் வீட்டில் எங்காவது மூலையில் இருந்தால் எடுத்துக் கொடுங்கள். எட்டு ஆழாக்கு ஒரு படி என்பதை அவன் இப்போது எண்ணிச் சொல்ல மாட்டான். சின்னது பல தரம் போனால் பெரியது நிறையும் என்று கைக்குத் தெரிந்தால் போதும்.

மாண்டிசோரி என்ற பெயருக்காகத்தானே அவ்வளவு பணம் கொடுத்தீர்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். மரியா மாண்டிசோரி இத்தாலிய மருத்துவர். 1907-ல் ரோம் நகரின் சான் லோரென்சோ என்ற ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினார். 1939-ல் பிரம்மஞான சபையின் அழைப்பில் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். இரண்டாம் உலகப் போர் மூண்டதால் ஊர் திரும்ப முடியாமல், போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் இருந்தார். அவர் முறையில் இளம்பிள்ளைகள் முதலில் செய்வது மர உருளை அடுக்குவது இல்லை. பெருக்குவது, துடைப்பது, ஊற்றுவது, பித்தான் போடுவது, செடிக்குத் தண்ணீர் விடுவது. வீட்டு வேலைகள்! அதற்கான செட் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. வாங்கிய மரச்சாமானைத் தூக்கிப்போட வேண்டாம். அலமாரியில் ஒன்றிரண்டை மட்டும் எட்டும் உயரத்தில் வைத்து மற்றதை மறைத்துவிடுங்கள். எல்லாம் ஒரே சமயத்தில் கண்ணில் பட்டால் எதிலும் கை நிற்காது.

அறிவியல் மாதிரி எதையாவது செய்ய விரும்பினால் இரண்டு சொல்கிறேன், இரண்டும் எனக்கே அலுக்காதவை.

ஒன்று மஞ்சள். மஞ்சள் தூளைக் கொஞ்சம் தண்ணீரில் குழைத்து வெள்ளைத் தாளில் தடவிக் காயவையுங்கள். தடவுவதை அவனே செய்யட்டும், கை மஞ்சளாகும், ஆகட்டும். துணி சோப்புத் துண்டு ஒன்றைக் கிண்ணத் தண்ணீரில் கரைத்து, பஞ்சு சுற்றிய குச்சியை அதில் நனைத்துத் தாளில் கோடு போடச் சொல்லுங்கள். கோடு சிவப்பாக எழும்பும். அதன் மேல் எலுமிச்சைச் சாறு விட்டால் திரும்ப மஞ்சள். சட்டையில் பட்ட சாம்பார்க் கறை சோப்பு பட்டதும் சிவப்பாவதைப் பார்த்திருப்பீர்கள், அதேதான். ஆரத்திக்கு மஞ்சளில் சுண்ணாம்பு கலக்குவதும் இந்தச் சிவப்புக்காகத்தான். ஆனால் சுண்ணாம்பைக் குழந்தை கையில் கொடுக்கக் கூடாது, தோலையும் கண்ணையும் புண்ணாக்கும். சோப்புத் தண்ணீர் போதும், அதுவும் கண்ணுக்குப் போகாமல் பக்கத்தில் இருங்கள்.

இரண்டாவது, மிதக்கிறதா முழுகுகிறதா. அகலமான பாத்திரத்தில் தண்ணீர். வீட்டுச் சாமான் ஏழெட்டு. போடுவதற்கு முன்னால் ‘என்ன ஆகும்?’ என்று கேளுங்கள், போட்ட பிறகு ஒன்றும் கேட்காதீர்கள். எங்கள் வகுப்பில் ஒரு பெண் குழந்தை எவர்சில்வர் ஸ்பூனைப் போட்டாள், முழுகியது. எவர்சில்வர் கிண்ணத்தை எடுத்ததும் ‘இதுவும் போயிடும்’ என்றாள். கிண்ணம் படகு மாதிரி நின்றது. அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே, யாரோ ஏமாற்றிவிட்ட மாதிரி. கிண்ணத்தை விரலால் அமுக்கினாள், மேலே வந்தது. ஸ்பூனை எடுத்துக் கிண்ணத்துக்குள் வைத்தாள், ஸ்பூனும் மிதந்தது. அப்புறம் கையால் தண்ணீரை அள்ளி அள்ளிக் கிண்ணத்துக்குள் ஊற்றி, கடைசியில் அதை முழுகடித்துவிட்டுத்தான் எழுந்தாள். நான் ஒன்றும் விளக்கவில்லை. அடர்த்தி என்ற சொல்லைப் பள்ளியில் பிறகு படித்துக்கொள்வாள்.

எழுத்துக்கு வருகிறேன், நீங்கள் அதைத்தான் மனதில் வைத்திருக்கிறீர்கள் என்று தெரியும். நெடுங்கணக்கு அகரத்தில் தொடங்குகிறது என்பதற்காக நாம் எழுதவைப்பதையும் அகரத்தில் தொடங்குகிறோம். வரைந்து பாருங்கள், ‘அ’ எத்தனை சுழி, எத்தனை வளைவு! ‘ட’ எவ்வளவு எளிது, கீழே ஒரு கோடு, பக்கத்தில் ஒரு கோடு. ‘ப’ அதற்கு ஒரு கோடு கூட. அப்புறம் ‘ம’. இந்த மூன்றையும் வைத்துப் ‘படம்’ என்ற சொல்லே வந்துவிடும், மேலே ஒரு புள்ளிதான் பாக்கி. அதுவும் தாளில் வேண்டாம். தட்டில் அரிசியோ ரவையோ பரப்பி விரலால் எழுதட்டும். விஜயதசமியன்று ஒரு நாள் செய்வதை மற்ற நாளும் செய்தால் என்ன? நம் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மணலில் விரலால்தான் எழுதிப் பழகினார்கள். சென்னை எழும்பூரில் அனாதைச் சிறுவர் இல்லம் ஒன்றை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் அதைப் பார்த்துத் தம் பள்ளியில் புகுத்தினார். 1797-ல் லண்டனில் அதைப் பற்றிப் புத்தகம் போட்டார். ‘மெட்ராஸ் முறை’ என்று பெயர் வாங்கிக்கொண்டு நம் மணல் எழுத்து கப்பலேறிப் போனது அப்படித்தான். தப்பாகப் போட்டால் ஒரு தடவு தடவினால் அழிந்துவிடும். நோட்டில் அப்படியா? அடித்த கோடும் சிவப்பு மையும் அங்கேயே நிற்கும்.

நேரம் கேட்டிருந்தீர்கள். நீங்கள் வேலை பார்ப்பவர், அவனுக்கென்று தினம் ஒரு மணி நேரம் ஒதுக்குவேன் என்று சங்கல்பம் எடுத்தால் மூன்றாம் நாள் குற்ற உணர்ச்சிதான் மிஞ்சும். சமையலிலோ துணியிலோ எப்படியும் செய்கிற ஒரு வேலையில் அவனைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பத்து நிமிட வேலை இருபத்தைந்து ஆகும், அது ஒன்றுதான் செலவு. மற்ற நேரம் ஓடட்டும். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்ன கணக்கு இது: மூன்று, நான்கு வயதுக்கு ஒரு நாளில் குறைந்தது 3 மணி நேரம் உடல் அசைவு, அதில் 1 மணி நேரம் மூச்சு வாங்க விளையாட்டு. செல்போன், டிவி எல்லாம் சேர்த்து 1 மணி நேரத்துக்கு மேல் கூடாது, குறைந்தால் நல்லது. அட்டைப்பெட்டிக்குள் நுழைந்து வெளியே வருகிறானே, அதுவும் அந்த மூன்று மணி நேரக் கணக்கில் சேரும்.

எதைச் செய்தாலும் கேள்வி கேட்டுக்கொண்டே இருக்காதீர்கள். ‘இது என்ன கலர்? எத்தனை? இங்கிலீஷ்ல என்ன?’ பட்டாணி உரிக்கிறவனைப் பரீட்சை எழுதவைத்தால் அவன் பட்டாணியையும் விட்டுவிடுவான்.

சில ஜாக்கிரதைகள். எங்கள் வகுப்பிலேயே ஒரு பையன் தானியம் பிரிக்கும்போது ஒரு கொண்டைக்கடலையை மூக்கில் ஏற்றிவிட்டான். நான் திரும்பிப் பார்த்த அரை நிமிடம்தான். நல்லவேளை டாக்டர் எடுத்துவிட்டார், ஆனால் அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. கொட்டை, கடலை, மணி எதுவானாலும் பெரியவர் ஒருவர் கூடவே உட்கார்ந்திருக்க வேண்டும், வேலை முடிந்ததும் எண்ணி எடுத்து மேலே வைத்துவிட வேண்டும். வேர்க்கடலையை உரிக்கட்டும், முழுசாகத் தின்னக் கொடுக்காதீர்கள். பழைய பல்லாங்குழிப் பெட்டியில் குன்றிமணி இருந்தால் முதலில் அதைப் பொறுக்கி எடுங்கள். சிவப்பும் கறுப்புமாக அழகாக இருக்கும், கடித்தால் கொடிய விஷம். தெருவில் பூவும் காயும் பொறுக்கும்போது அரளியையும் ஊமத்தையையும் தொடவிடாதீர்கள். தண்ணீர் விளையாட்டு முடிந்ததும் பக்கெட்டைக் கவிழ்த்துவிடுங்கள், அரை பக்கெட் தண்ணீரும் ஆபத்துதான். பட்டன் பேட்டரி போட்ட பொம்மை வீட்டில் இருந்தால் மூடி ஸ்க்ரூ இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள்.

கடைசியாக இடது கை. மாற்ற வேண்டாம். பத்துப் பேரில் ஒருவர் இடக்கையர். அது பழக்கக் கோளாறு இல்லை, மூளையின் அமைப்பு. மாமியார் சோற்றுக்காகத்தான் வருத்தப்படுவார், அது எனக்குப் புரிகிறது, எங்கள் வீட்டிலும் அந்தச் சண்டை நடந்திருக்கிறது. சாப்பாட்டுக்கு வலது கையைப் பழக்க நினைத்தால் அதட்டாமல், கையைத் தட்டிவிடாமல் கேட்கட்டும், வந்தால் வரட்டும். பென்சில், கரண்டி, கோலப்பொடி, பந்து இவற்றில் கைவைக்க வேண்டாம். நீங்கள் எதையும் நீட்டும்போது நடுவில் நீட்டுங்கள், எந்தக் கையால் வேண்டுமோ எடுக்கட்டும். கத்தரிக்கோல் வாங்கும்போது மட்டும் இடக்கையருக்கான கத்தரிக்கோல் என்று கேட்டு வாங்குங்கள். சாதாரணக் கத்தரிக்கோலை இடது கையால் அழுத்தினால் இரண்டு அலகும் விலகிப் போகும், தாள் வெட்டுப்படாமல் நடுவில் மடங்கிக்கொள்ளும். அதைப் பார்த்துவிட்டு ‘இவனுக்குக் கை வராது’ என்று பள்ளியில் சொன்னார்களானால், கத்தரிக்கோலை மாற்றிக் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.